முன்பக்கம், வலது நட்டு

பெண்டாட்டியைக் காருக்கு அடியில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, தான் ஒரு விரலைக்கூட அசைக்காமல் வேலை வாங்குகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

அவள் வீட்டுக்காரர் அப்படித்தான். லொக், லொக் என்று இரண்டு இருமல். உடனே வேலை மேஜைப் பக்கமிருந்து உத்தரவு வந்துவிடும்.

"முன்பக்கம், வலது, கீழ் நட்டு. வலதுன்னா டிரைவர் சீட்ல உக்காந்து பாக்குற வலதுடி, மக்கு! உன் இஷ்டத்துக்கு இடது பக்கம் போயிருப்பியே!"

இடது பக்கம்தான் போயிருந்தாள். வேண்டுமென்றே போயிருந்தாள், திட்டு வாங்க வேண்டுமே. முதுகாலேயே தேய்த்துக்கொண்டு வலது பக்கம் நகர்ந்தாள்.

"வந்துட்டேன், வந்துட்டேன். ஊரைக் கூட்டாதீங்க."

"ஸ்பேனரை எடு. கையில ஸ்பேனர் இல்லாம சும்மா என்கிட்ட பேச்சு வெச்சுக்கக் கூடாது, சொல்லிட்டேன். வேலை நடந்தாத்தான் நான் வாயைத் திறப்பேன்."

"ஆமா, பெரிய இன்ஜினியரு!"

"துணி தைக்கிற மாதிரி வெடுக்கு வெடுக்குன்னு இழுக்காத. ஒரே சீரா இழு. டக்னு சத்தம் வந்தா நிறுத்திடு."

அளவாக இறுகியதும் சத்தம் கொடுக்கிற நீளமான ஸ்பேனர் அது. டக் என்றது. நிறுத்தினாள். சட்டைப் பையிலிருந்து சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து, நட்டின் மேல் ஒரு கோடு இழுத்தாள். இறுக்கிய நட்டு மயிரிழை அசைந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அது அவர் சொல்லிக்கொடுத்த வழக்கம். பாலிஷ் மட்டும் அவளுடையது.

இந்தக் காருக்கு வயது ஆறு. குழாய்களை வளைத்துப் பற்றவைத்து, இடித்து நசுங்கிய வண்டி ஒன்றின் இன்ஜினைப் பொருத்தி, வீட்டுக் கொட்டகையிலேயே பிறந்தது. வருடத்துக்கு ஒரு நாள்தான் ரேஸ் டிராக்கை வெளியாட்களுக்குத் திறந்துவிடுவார்கள். அந்த நாள் நாளைக்கு. காலை எட்டு மணிக்குப் பரிசோதகர் சரி என்று தலையாட்டினால், ஒரு சுற்று ஓட்டலாம். அந்த ஒரு சுற்றுக்காகத்தான் அவர் ஆறு வருடம் மனக்கோட்டை கட்டியிருந்தார்.

தங்கை இரண்டு கோப்பை டீயோடு வந்தாள். ஒன்றை அக்காவிடம் நீட்டிவிட்டு, மற்றதைத் தான் குடித்தபடி கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

"அக்கா, முந்தாநேத்தும் இதே நட்டைத்தானே இறுக்கின?"

"சரியா இருக்கணும்ல. ஒண்ணு ஆடினாலும் திருப்பி அனுப்பிடுவாங்க."

"நீயும் உன் நட்டும்! இவர் பேச்சைக் கேட்டுக்கிட்டு இன்னும் எத்தனை நாளைக்கு எண்ணெயில புரளப்போற? நாளைக்கு ஓட்டி முடிச்சதும் உன் பொழப்பைப் பாரு. தையல் மெஷின்ல சிலந்தி கூடு கட்டுது."

அவள் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓட்டி முடிச்சிட்டா, அப்புறம் என்னடி இருக்கு?"

தங்கை அக்காவின் கன்னத்தில் ஒட்டியிருந்த கிரீஸைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கொட்டகையில் சத்தமே இல்லை. அவள் எழுந்து மேஜைப் பக்கம் போய்விட்டு வந்து, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடி காருக்கு அடியில் நுழைந்தாள். பாலிஷ் இன்னும் காயக்கூட இல்லை.

லொக், லொக்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, ரேஸ் டிராக்கில், பரிசோதகர் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"மத்த வேலையெல்லாம் கண்ணுல ஒத்திக்கலாம்மா. முன்பக்கம் வலது நட்டுதான் இடிக்குது. பாலிஷ் ஏழெட்டு பூச்சு, கடைசிப் பூச்சைத் தவிர அத்தனையும் உடைஞ்சிருக்கு. இப்படிக் கழட்டிக் கழட்டி மாட்டினா நட்டுல பிடிப்பே போயிடும். யாரு உங்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்தது?"

"எங்க வீட்டுக்காரர்."

"கூப்பிடுங்க அவரை. நாக்கைப் பிடுங்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்."

அவள் பையிலிருந்து போனை எடுத்து, காரின் மூக்கின்மேல் வைத்து அழுத்தினாள்.

லொக், லொக். "முன்பக்கம், வலது, கீழ் நட்டு. வலதுன்னா டிரைவர் சீட்ல உக்காந்து பாக்குற வலதுடி, மக்கு! உன் இஷ்டத்துக்கு…"

"என்னம்மா இது? ஆளை நேர்ல வரச்சொல்லுங்க."

"ஆஸ்பத்திரியில படுத்த படுக்கையா இருந்தப்போ, ஒவ்வொரு வேலைக்கும் ஒண்ணா பேசிப் பதிவு பண்ணி வெச்சாரு சார். இதுதான் கடைசி வேலை. அவர் போய் எட்டு மாசம் ஆச்சு."

பரிசோதகர் தொப்பியைக் கழற்றினார். தன் பெட்டியிலிருந்து ஒரு புது நட்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இதைப் போட்டு ஒரே தடவை இறுக்குங்கம்மா. நீங்களே ஓட்டலாம். ஆனா இனிமே இதைக் கழட்டவே கூடாது."

அவள் நட்டை மூடிப் பிடித்துக்கொண்டாள்.

"கழட்டலைன்னா, அவர் எப்படி சார் பேசுவாரு?"