சூடான வீடு

கதவு திறந்ததும் சூடு முகத்தில் அடித்தது.

மொழிபெயர்க்க வந்தவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

ஏறி வந்த படிக்கட்டில் குளிரில் வாயைத் திறந்தால் புகை வந்தது. இந்த ஒரு வீட்டுக்குள் மட்டும் சித்திரை வெயில்.

அவள் வளர்ந்த வீட்டிலும் ஹீற்றர் விருந்தாளிகளுக்குத்தான் எரிந்தது.

"வாங்கோ, வாங்கோ. சப்பாத்தோடயே வாங்கோ, பரவாயில்லை."

சுகிர்தா கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தாள். மேசையில் கடலை வடை, பால் தேத்தண்ணி. வந்தவள் நகரசபை அதிகாரி உல்ரிக்கே. கூட வந்த இவள் மொழிபெயர்ப்பாளர். இரண்டு பேருக்குமே நாற்காலி துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

படியேறும்போதே உல்ரிக்கே விவரம் சொல்லியிருந்தாள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பணம். சுவரைச் சுற்றிக் குளிர் புகாத தடுப்பு, கூரையில் சூரியத் தகடுகள், பழைய எரிவாயு ஹீற்றருக்குப் பதில் புதிய இயந்திரம். ஆனால் இந்தக் கட்டடம் அல்லது எதிர்க் கட்டடம், ஒன்றுக்குத்தான். எங்கே அதிகம் குளிர்கிறதோ அங்கே. எதிர்க் கட்டடத்தைப் பார்த்து முடித்தாயிற்று. இங்கே இதுதான் கடைசி வீடு.

உல்ரிக்கே தொண்டையைச் செருமிக்கொண்டு வந்த காரணத்தை ஜெர்மன் மொழியில் சொன்னாள்.

இவள் ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல் தமிழில் சொன்னாள். அதுதான் வேலை. எரிசக்தி வறுமை என்ற சொல்லையும் அப்படியே சொன்னாள்.

சுகிர்தாவின் முகம் மாறியது.

"வறுமையோ? ஆர் தங்கச்சி சொன்னது? இவர் ரெண்டு இடத்தில வேலை செய்யிறார்."

வறுமையாம். பிரசல்ஸில் உட்கார்ந்து இந்தச் சொல்லைத் தேடிப் பிடித்தவனை ஒரு நாள் இந்த வீட்டுக் கதவைத் தட்டச் சொல்ல வேண்டும் என்று இவள் நினைத்தாள்.

அடுத்த கேள்வி. வீட்டைப் போதுமான அளவு சூடாக வைத்திருக்க உங்களால் முடிகிறதா?

"எங்களுக்கு என்ன குறை? நல்ல சூடு. அவவே பாக்கிறா தானே!"

இவள் அதையும் அப்படியே சொன்னாள்.

உல்ரிக்கே சிரித்தாள். ஜக்கெற்றைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

சன்னலோரச் சுவரில் பூஞ்சணம் துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் மேல் பிள்ளையின் ஆஸ்துமா பம்ப் இருந்தது. அதை ஒளித்து வைக்கச் சுகிர்தா மறந்துவிட்டாள்.

இவளுக்கு எரிச்சலாக வந்தது. வந்தவளுக்குக் குளிரக் கூடாதாம். அதற்குத்தான் இவ்வளவும்.

அப்போதுதான் அபிரா அறையிலிருந்து ஓடி வந்தாள். ஆறு வயது இருக்கும். கையில்லாத சட்டை. மேசையைச் சுற்றி ஒரு சுற்று ஓடி, மூச்சு வாங்கி, இருமி, பிறகு தாயின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, இவை நாளைக்கும் வருவினமோ? வந்தா நாளைக்கும் ஜக்கெற் போடாமல் படுக்கலாம் என்ன!"

சுகிர்தா பிள்ளையின் கையைச் சேலையிலிருந்து விடுவித்தாள்.

"பிள்ளை என்ன சொல்கிறாள்?" என்று உல்ரிக்கே டொச்சு மொழியில் கேட்டாள்.

சுகிர்தா இவளைப் பார்த்தாள். தாயே, என்ர மானத்தை வாங்கிப்போடாத என்கிற பார்வை. வெள்ளிக்கிழமை கோயிலில் இவள் இதே முகத்தைப் பார்க்க வேண்டும். அன்னதான வரிசையில் பக்கத்தில் நிற்க வேண்டும்.

"நீங்கள் வந்ததில் பிள்ளைக்குச் சந்தோஷமாம்," என்று இவள் சொன்னாள்.

பொய் என்றும் சொல்ல முடியாது.

உல்ரிக்கே அபிராவின் கன்னத்தைத் தட்டினாள். இன்னொரு வடை எடுத்தாள். அழகான வீடு என்றாள். அதை இவள் மொழிபெயர்த்தபோது சுகிர்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கீழே வந்ததும் உல்ரிக்கே கார்க் கண்ணாடியில் படிந்திருந்த பனியைச் சுரண்டத் தொடங்கினாள்.

"அப்போ எதிர்க் கட்டடம்தான். இவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். அடுத்த சுற்றில் பார்க்கலாம்."

"அடுத்த சுற்று எப்போது?"

"மூன்று வருடமாவது ஆகும்." உல்ரிக்கே நிமிர்ந்து பார்த்தாள். "ஏன், ஏதாவது விட்டுவிட்டோமா? இன்று மாலை அறிக்கையை அனுப்பும் வரைக்கும் மாற்றலாம்."

"என் கையுறை," என்றாள் இவள். "மேலே விட்டுவிட்டு வந்துவிட்டேன்."

ஓடினாள். படிகளில் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே ஓடினாள். அக்கா, அவ கீழதான் நிக்கிறா. ஒரு சொல்லு சொன்னாக் காணும். பிள்ளைக்காகச் சொல்லுங்கோ.

சுகிர்தா கதவைத் திறந்தாள். சேலைக்கு மேலே கணவனின் தடித்த ஜக்கெற்.

உள்ளே ஹீற்றர் அணைந்திருந்தது. சூடு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அபிரா கழுத்து வரைக்கும் ஜக்கெற் சிப்பை இழுத்துப் பூட்டிக்கொண்டு, தலையில் கம்பளித் தொப்பியோடு, மிஞ்சிய வடையைத் தின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா..."

சுகிர்தா அவளைப் பேச விடவில்லை. இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சி, நான் எல்லாம் வடிவாச் சொன்னனான் தானே? எங்களைக் குறைவா நினைச்சிருக்க மாட்டா என்ன?"

அபிரா இருமினாள். விட்டு விட்டு, கனநேரம்.

"ஓம் அக்கா," என்றாள் இவள். "வடிவாச் சொன்னியள்."

மெதுவாக இறங்கி வந்தாள்.

கார் உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே சூடாக இருந்தது.

"கையுறை கிடைத்ததா?" என்று உல்ரிக்கே கேட்டாள்.

கோட்டுப் பைக்குள் இரண்டு கையுறைகளும் இருந்தன. அவற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கிடைத்தது," என்றாள்.