முந்நூற்றைம்பது கிராம்

பையின் பக்கவாட்டு ஜிப்பை மூன்றாவது முறையாகத் திறந்து பார்த்தாள்.

இன்ஹேலர் இல்லை.

நேற்று அவளே அங்கே வைத்தது.

மலையேறி வந்து கால் மணி நேரம்தான் ஆகிறது. மரங்களின் உச்சியில் இன்னும் வெயில் இருக்கிறது. குளிர் அதற்குள் இறங்கிவிட்டது. நெஞ்சுக்குள் அந்த மெல்லிய விசில். இரண்டு வருடமாகக் கேட்காத சத்தம்.

கணவன் இரண்டு மரங்களுக்கு நடுவே, தூளி மாதிரி தொங்கும் ஹேமக்கைக் கட்டி முடித்து, அதன் அடியில் குளிர் தாங்கும் மெத்தையை மாட்டிக்கொண்டிருந்தான்.

அதை வாங்குவதற்குள் கடையில் பட்ட பாடு கொஞ்சமா! ஹேமக்கில் படுத்தால் முதுகுக்குக் கீழே வெறும் காற்று. குளிர் அடியிலிருந்துதான் ஏறும். மெத்தையை உள்ளே விரித்தால் உடம்பு அழுத்தி நசுக்கிவிடும். வெளியே தொங்கவிட வேண்டுமாம். வாத்து இறகு அடைத்த மெத்தையைக் கையில் ஏந்திக்கொண்டு கீழே வைக்க மனமில்லாமல் நின்றான் அவன். நானூற்று எண்பது கிராம். அவள் செயற்கைப் பஞ்சுதான் வேண்டும் என்றாள். எண்ணூற்று முப்பது. இறகு பக்கத்தில் இருந்தால் அவளுக்கு இழுப்பு வரும்.

எடை குறையட்டும் என்று பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியையே பாதியாக அறுத்த ஆள். அன்றைக்கு மறுபேச்சுப் பேசவில்லை. அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"என்னங்க, இன்ஹேலர் எங்க?"

முடிச்சை இறுக்கியபடியே சொன்னான்.

"காலைல எடுத்து வீட்லயே வெச்சுட்டேன் பூரணி. ரெண்டு வருஷமா நீ அதைத் தொடவே இல்லையே. இந்த மெத்தையால ஏறுன முந்நூத்தம்பது கிராமை அங்கங்க குறைக்கணும்ல?"

தூக்கிவாரிப் போட்டது.

கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. அவன் முகத்தையே பார்த்தாள். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. கெட்ட எண்ணம் துளியும் இல்லை. சபாஷ் சொல்வாள் என்று காத்திருக்கும் முகம்.

ஏழு வருடம் இந்த முகத்துக்குப் பக்கத்தில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்.

இருமல் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அவர்களைக் கொண்டுவந்து இறக்கிய ஜீப் நிற்கும் இடம் நான்கு கிலோமீட்டர். வழியெல்லாம் இறக்கம். சாயங்காலம் ஆறரைக்குக் கிளம்பிவிடுவேன் என்று ஓட்டுநர் சொல்லியிருந்தார். கீழே ஊரில் மருந்துக்கடை உண்டு.

ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினாள்.

"வா, படுத்துப் பாரு. எவ்ளோ கதகதப்பா இருக்குன்னு."

பையை அங்கேயே விட்டுவிட்டு நடக்கத் தொடங்கினாள்.

பின்னாலிருந்து கூப்பிட்டான். முதலில் சிரித்துக்கொண்டே. அப்புறம் சிரிப்பில்லாமல்.

பதில் சொல்லலாம்தான். அதற்கு மூச்சு வேண்டும்.

இருப்பது ஜீப் வரைக்கும் போதுமோ என்னவோ.