இடது கை

"சாயங்கால வேலையா? எங்க அச்சகத்துல நாலு மாசமா ஆறு மணியானா மெஷினை நிறுத்திடறோமேம்மா!"

போனில் மேனேஜர் சொன்னதைக் கேட்டதும் அவளுக்குக் கை கால் ஓடவில்லை.

நாலு மாதமாக, வாரத்தில் மூன்று நாள் கணவர் எட்டரைக்குத்தான் வீடு திரும்புகிறார். கேட்டால், "வெட்ட வேண்டிய பேப்பர் மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு" என்பார்.

அப்படியென்றால் அந்த இரண்டரை மணி நேரம் எங்கே?

அக்காவிடம் சொல்லி அழுதாள்.

"ஆம்பளை பொய் சொல்ல ஆரம்பிச்சா அதுக்கு ஒரே காரணம்தான்டி. வீட்டுல உட்கார்ந்து மூக்கைச் சிந்தாதே. பின்னாலயே போய்ப் பார்."

மறுநாள் அச்சகத்துக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில், தூண் மறைவில் நின்றாள். ஆறு மணிக்கு அவர் வெளியே வந்தார். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டிடம். மூன்றாவது மாடி. மணிகூட அடிக்கவில்லை. சொந்த வீடு மாதிரி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

வாசலில் ஒரு ஜோடி பெண்கள் செருப்பு.

கதவில் காதை வைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் பக்கத்துல போங்க... ஐயோ, போச்சு!" ஒரு இளம்பெண்ணின் குரல். கூடவே அவருடைய சிரிப்பு.

வீட்டில் அவர் அப்படிச் சிரித்து எத்தனை நாளாச்சு!

கதவை இடி இடியென்று இடித்தாள். அந்தப் பெண்தான் திறந்தாள்.

"யாருங்க?"

"உள்ளே ஒருத்தர் சிரிச்சுட்டு இருக்காரே, அவரோட பொண்டாட்டி."

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "அண்ணியா! உள்ள வாங்க அண்ணி. அண்ணே, யாரு வந்திருக்காங்க பாருங்க!"

படி ஏறும்போது யோசித்து வைத்திருந்த வசவையெல்லாம் மறந்து உள்ளே போனாள்.

டிவிக்குக் கீழே கேசட் போட்டு ஆடும் பழைய கேம் பெட்டி. திரையில் சிறகு முளைத்த ஓநாய்மேல் வாளோடு ஒரு வெள்ளி முடிக்காரி. ஒரு காலத்தில் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் ஓடி வந்து பார்த்த மந்திரக் கார்ட்டூன் தொடரின் நாயகி.

எதிரே பாயில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இரண்டு ஆண்கள். நடுவே ஒரே ஒரு ஜாய்ஸ்டிக். அதன் இடப்பக்கத்தில் கணவரின் கை. வலப்பக்கத்தில் இன்னொருவரின் கை. அந்த ஆளின் இடது சட்டைக்கை மடித்து ஊக்கு குத்தியிருந்தது.

அவளைப் பார்த்ததும் கணவரின் முகம் வெளுத்தது. எழப் போனார்.

"அண்ணே, கையை எடுக்காதீங்க! பாலம் இடியுது!" என்று கத்தினார் பக்கத்தில் இருந்தவர்.

கணவர் ஓநாயை முன்னால் ஓட்டினார். பக்கத்து ஆள் அதைத் தாவ வைத்தார். ஒரு நொடி பிந்தினாலும் பள்ளம்தான். தன்னை அறியாமல் அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஓநாய் அக்கரையில் குதித்ததும் அந்த ஆள் குழந்தை மாதிரி கூவினார்.

அந்தப் பெண் அவளைச் சமையலறைப் பக்கம் அழைத்துப்போய்த் தணிந்த குரலில் சொன்னாள். "என் வீட்டுக்காரர் அதே அச்சகத்துல புத்தகம் தைக்கிற பைண்டர், அண்ணி. நாலு மாசம் முன்னால கட்டிங் மெஷின்ல கை போயிடுச்சு. ஒரு மாசம் யார்கிட்டயும் பேச்சில்லை. நான் பயந்துபோய் மாத்திரை டப்பாவை எல்லாம் ஒளிச்சு வெச்சேன். அண்ணன் மட்டும் வந்து சும்மா பக்கத்துல உட்கார்ந்திருப்பாரு. ஒருநாள் இந்தப் பெட்டியோட வந்தாரு. 'ஒத்தைக் கையால இதை எப்படிண்ணே ஆடறது?'ன்னு இவர் வீசி எறிஞ்சுட்டாரு. அண்ணன் கோவிச்சுக்கலை. பொறுக்கி எடுத்து வந்து, 'இடது கை நான், வலது கை நீ'ன்னாரு. முதல் வாரம் அந்த வெள்ளி முடிக்காரியை ரெண்டு பேருமா நூறு தடவை சாகடிச்சாங்க. நூத்தியோராவது தடவை இவருக்குச் சிரிப்பு வந்துடுச்சு."

அவளுக்குக் கண் கலங்கியது. "இதைப் போய் என்கிட்ட மறைப்பாங்களா?"

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்க ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கியிருந்தாரு அண்ணி. காரணம் கேட்டா பேச்சை மாத்திடுவாரு."

படி இறங்கும்போது அவள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க. என்னென்னவோ நினைச்சுட்டேன்."

"சரி, விடு."

"நல்ல காரியம்தானே? என்கிட்ட ஏன் சொல்லலை?"

அவர் வேகமாகப் படி இறங்கினார். இரண்டு படி இறங்கியதும் அவளுக்கு ஒன்று உறைத்தது.

"கட்டிங் மெஷின் வேலை உங்களோடதாச்சே. பைண்டருக்கு அங்கே என்ன வேலை?"

"அன்னிக்கு நான் பாதியில கிளம்பிட்டேன். எனக்குப் பதிலா அவன் நின்னான்."

"வேலையைப் பாதியில விட்டுட்டு வர்ற ஆள் இல்லையே நீங்க? எங்கே போனீங்க?"

"பழைய கதை எதுக்கு? நட."

அவள் நடக்கவில்லை. நாலு மாதம் முன்னால், ஒரே ஒரு தடவை, அவள்தான் போன் செய்தாள். 'வீட்டுல அவசரம்னு சொல்லிட்டு உடனே கிளம்பி வாங்க.'

ஒரு அவசரமும் இல்லை. அவளுடைய அண்ணன் குடும்பம் வருகிற நேரத்தில் ஜன்னல் திரைக்கம்பி கழன்று விழுந்திருந்தது. அவ்வளவுதான்.

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தக் கம்பியை மாட்ட நான் கூப்பிட்ட அன்னிக்கா?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மெல்லச் சொன்னார்:

"எனக்குத் தூக்கம் போச்சு. உனக்காவது இருக்கட்டுமேன்னு நினைச்சேன்."