ஒன்பதாம் பக்கம்

"ரவுட்டர், ரவுட்டர்னு சொல்றீங்களே தம்பி, அப்படின்னா என்ன?"

வீட்டம்மா இப்படிக் கேட்டதும் டெஸ்டருக்கு எரிச்சல் வந்தது. கூடவே கொஞ்சம் பெருமையும் வந்தது.

டெஸ்டர் என்பது கூட்டாளிகள் வைத்த பெயர். நீலச் சட்டை, தோளில் டூல்ஸ் பை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். இந்த வேஷத்தில் போய், "நெட் கம்பெனியிலருந்து வர்றேன், லைன் செக் பண்ணணும்" என்று மணியடித்தால் திறக்காத கதவில்லை. நடுநடுவே 'சிக்னல்', 'சர்வர்' என்று இரண்டு வார்த்தை எடுத்துவிட்டால் போதும். வீட்டுக்காரர்கள் தலையை ஆட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் பீரோ காலி.

இந்த அம்மா போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். பாதி திறந்த படுக்கையறைக் கதவு வழியே பீரோவும் அதில் தொங்கும் சாவியும் தெரிந்தன. வீட்டுக்காரர் ஒரு மணிக்குச் சாப்பிட வந்துவிடுவாராம். இப்போதே மணி பன்னிரண்டரை.

டெஸ்டர் அசரவில்லை. வந்ததும் வராததுமாகச் சுவரோரத்துப் பெட்டிகளின் வயர்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டான். நெட் போனால் வாசல் கேமராவும் போச்சு. கேள்விகளுக்கும் அவனிடம் பதில் இருந்தது. நடைபாதைப் புத்தகக் கடையில் அட்டை கிழிந்த சின்னப் புத்தகம் ஒன்று அகப்பட்டிருந்தது. புதிதாகக் கற்பவர்களுக்கான இன்டர்நெட் சொற்கள், படங்களோடு. இரண்டு வாரம் உட்கார்ந்து அதைக் கரைத்துக் குடித்திருந்தான். பள்ளிக்கூடத்தில் இப்படிப் படித்திருந்தால் இந்தத் தொழிலுக்கே வந்திருக்க மாட்டான்.

"ரவுட்டர்ங்கறது சாப்பாட்டு மேசையில பரிமாறுற பெரிய அண்ணி மாதிரி மேடம். வர்ற நெட்டை டிவிக்கு இவ்வளவு, போனுக்கு இவ்வளவுன்னு சண்டை வராமப் பிரிச்சுக் கொடுக்கும்."

"அட. இதுல எது ரவுட்டர்?"

"இந்தக் குட்டிக் கறுப்புப் பெட்டி. பக்கத்துல ரெண்டு கொம்பு வெச்சு வெள்ளையா இருக்கே, அது மோடம்."

அந்த அம்மா நிமிர்ந்து அவனை ஒரு தரம் நன்றாகப் பார்த்தார். பிறகு செல்போனைக் கையில் எடுத்தார்.

"ஒரு நிமிஷம் தம்பி, குறிச்சுக்கறேன்."

"தாராளமா" என்றான் டெஸ்டர். நெட் இல்லாத போனில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும்.

"மோடம் என்ன செய்யும்?"

"வெளியிலருந்து வர்ற சம்பந்தி பேசுற பாஷையை நம்ம வீட்டுக்குப் புரியற மாதிரி மாத்திச் சொல்ற மாமா, மேடம்."

"ஐபி அட்ரஸ்?"

"கதவு நம்பர். அது இல்லேன்னா நீங்க கேட்ட படம் அடுத்த வீட்டுக்குப் போயிடும்."

"பேண்ட்விட்த்?"

"வாசலோட அகலம். மொத்தச் சொந்தமும் ஒரே நேரத்துல நுழைஞ்சா நடுவுல சிக்கிக்கும்ல, அதான் படம் சுத்திக்கிட்டே நிக்குது."

அந்த அம்மாவின் முகம் பூரித்துப் போனது. டெஸ்டருக்கும் உற்சாகம் ஏறியது. இதுவரை அவனைக் கேள்வி கேட்டவர்கள் எல்லோரும் போலீஸ்காரர்கள்தான். அவர்களில் ஒருவர்கூட அவன் பதிலைக் கேட்டு இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. சர்வருக்கும் பாஸ்வேர்டுக்கும் கேட்காமலே விளக்கம் கொடுத்தான். பீரோ நினைவுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது.

"மேடம், உள் ரூம்ல சிக்னல் பார்க்கணும். நீங்க மொட்டை மாடியில போய் நின்னு, போன்ல எத்தனை கோடு வருதுன்னு பாருங்க."

"போறேன் தம்பி. கடைசியா ஒண்ணே ஒண்ணு. ஃபயர்வால்?"

"வாசல்ல நிக்கிற காவல்காரர். கண்டவனை உள்ள விடமாட்டார்."

"திருடன் நல்லவன் மாதிரி வேஷம் போட்டுட்டு வந்தா?"

டெஸ்டர் ஒரு தரம் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டான். ஆனால் படித்த படிப்பு கைவிடவில்லை.

"பேச்சுக் கொடுப்பார். நாலு கேள்வி கேப்பார். பதில் இடிச்சா, சத்தம் போடாம மேலிடத்துக்குத் தகவல் அனுப்பிடுவார்."

"ஒரு வார்த்தை பிசகலை" என்று அந்த அம்மா எழுந்துகொள்ளவும் வாசல் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

கதவைத் திறந்தார். இரண்டு போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள்.

டெஸ்டர் திருதிருவென விழித்தான். "நெட்டைத்தான் பிடுங்கிட்டேனே மேடம், அப்புறம் எப்படித் தகவல் போச்சு?"

"போனுக்குன்னு தனியா மொபைல் டேட்டா இருக்கு தம்பி. அதுதான் கடைசிப் பாடம்."

"என் புத்தகத்துல கடைசி நாலு பக்கம் கிழிஞ்சு போச்சுங்க" என்றான் டெஸ்டர். போலீஸ்காரர் அவன் கையைப் பிடித்தார். அப்போதும் அவனுக்கு மனசு ஆறவில்லை. "எல்லாம் சரியாத்தானே சொன்னேன்? எந்தப் பதில்ல மாட்டினேன்?"

"ரெண்டாவது கேள்வியிலயே. கொம்பு வெச்சதுதான் ரவுட்டர். அச்சகத்துல ஒன்பதாம் பக்கத்துப் படங்களுக்குப் பேரை மாத்திப் போட்டுட்டாங்க" என்றார் அந்த அம்மா. சொல்லும்போதே அவர் கண் கலங்கியது. "ஆனாலும் நான் எழுதின அந்தப் புத்தகத்தை இத்தனை வருஷத்துல இவ்வளவு அக்கறையாப் படிச்ச ஒரே ஆள் நீங்கதான் தம்பி."