கீழ்ப் பொந்துக்கு வந்த விருந்தாளிகள்

ஒரு மரங்கொத்திக்குப் புளியமரத்தில் இரண்டு பொந்துகள் சொந்தம். மேல் பொந்தில் அதன் மூன்று முட்டைகள். கீழ்ப் பொந்தில் ஒரு மைனா ஆறு வருஷமாகக் குடியிருந்தது. வாடகை தினம் ஒரு புழு, கூடவே தினம் ஒரு புகார். ஒழுகுகிறது, எறும்பு வருகிறது என்று விடிந்ததும் தொண்டை கிழியக் கத்தும்.

ஏரிக்கு வெளியூர்ப் பறவைகள் வரும் சீசன் தொடங்கியது. ஒரு நாள் தங்க மூன்று புழு தருகிறோம் என்றன. மரங்கொத்தி மைனாவைக் காலி பண்ணச் சொல்லிவிட்டது. மைனா எதிர் வேப்பமரத்துக்குப் போனது.

அதன்பின் மரங்கொத்திக்கு ஓயாத வேலை. தினமும் ஒரு புதுமுகம். தினமும் சருகு மாற்ற வேண்டும்.

ஒரு மத்தியானம் அது சருகு பொறுக்கப் போயிருந்தபோது, சாரைப்பாம்பு ஒன்று மரத்தில் ஏறியது. கீழ்ப் பொந்திலிருந்த வெளியூர் வாத்து, அடுத்துத் தங்க வந்தவர் என்று நினைத்துக்கொண்டது.

"நான் சாயங்காலம்தான் கிளம்புவேன். மேலே இன்னொரு பொந்து இருக்கு, கேட்டுப் பாருங்க" என்று மரியாதையாக வழி சொன்னது.

எதிர் மரத்து மைனா பார்த்துவிட்டது. அது போட்ட கூச்சலில் ஊர்க் காக்கைகளெல்லாம் கூடிவிட, பாம்பு சரசரவென இறங்கி ஓடியது.

பதறிப் பறந்து வந்த மரங்கொத்தி, மூன்று முட்டைகளும் பத்திரமாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டது. நேரே வேப்பமரத்துக்குப் போனது.

"அக்கா, பழையபடி வந்துடுங்க."

"ஒரு புழுதான் தருவேன்."

"போதும்க்கா."

மறுநாள் விடிந்ததும் கீழேயிருந்து சத்தம் கேட்டது. "இன்னும் ஒழுகுதே, அடைக்கவே மாட்டீங்களா?"

மரங்கொத்தி முட்டைகளின்மேல் இறக்கையைப் பரப்பிக்கொண்டு, நிம்மதியாக இன்னொரு தூக்கம் போட்டது.