அட்டையில்லாத மஞ்சள் ரோஜா

2011 அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மினியாபொலிஸ் நகரத்துக் கண் மருத்துவமனை ஒன்றில் புரை நீக்கக் காத்திருந்த டுவேன் ஹாகன், நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார்.

பதினொன்று ஐந்துக்கு, மருத்துவமனைக்கு உடன் வந்திருந்த அவருடைய தங்கை ஆர்டிஸ், டுவேனின் ஊரான ஹெல்விக்கில் இருந்த ஒரே பூக்கடைக்கு ஃபோன் செய்தார். நண்பகலுக்குள் சொன்னால் பூ அன்றே போய்ச் சேரும்.

அண்ணிக்கு மஞ்சள் ரோஜா, லில்லி வேண்டாம், அது சாவு வாசனை என்றார். அண்ணியும் தானும் பேசிப் பல வருஷமாகிறது என்பதால் செய்தியைச் சொல்லும் பொறுப்பை ஃபார்கோவில் இருக்கும் அண்ணன் மகன் பிரெண்ட் ஏற்றுக்கொண்டான் என்றும் சொன்னார்.

அட்டையில் எழுத வேண்டியதையும் சொன்னார்.

கடைக்காரர் கார்லா அதை எழுதிக்கொண்டார். அட்டையின் பின்பக்கம் 'மஞ்சள் ரோஜா, பன்னிரண்டு' என்று குறித்தார். யார் எந்தப் பூவை அனுப்பினார் என்று தெரிந்தால்தான் வீட்டார் நன்றிக் கடிதம் எழுத முடியும். ஹெல்விக்கில் எந்தப் பூவுக்கும் நன்றிக் கடிதம் போகாமல் இருந்ததில்லை.

பன்னிரண்டு பத்துக்கு கார்லாவின் வேன் ஹாகன் பண்ணைக்குள் திரும்பியது.

முற்றத்தில் ஒரு வண்டிகூட இல்லை.

சாவு தெரிந்த வீட்டில் அரை மணி நேரத்துக்குள் பத்து வண்டிகள் நிற்கும். பெண்கள் சூடான பாத்திரங்களைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். இங்கே கொடியில் டுவேனின் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

பிரெண்ட் ஃபோன் செய்யவில்லை, நேரில் சொல்லக் கிளம்பியிருக்கிறான் என்பது கார்லாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

வேனைத் திருப்பிவிட நினைத்தார். அதற்குள் டுவேனின் மனைவி லோரீன் கைகளை இடுப்பில் கட்டிய சமையல் துணியில் துடைத்தபடி படியிறங்கி வந்துவிட்டார். கார்லா அட்டையைப் பிடுங்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

லோரீன் பூவைப் பார்த்தார். கார்லாவைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"முப்பத்தொரு வருஷமா ஒரு பூ வாங்கித் தரல அந்த மனுஷன். கண்ணுல திரைய எடுத்ததும் நான் தெரிஞ்சுட்டேன் போலிருக்கு."

கார்டு இல்லையா என்று கேட்டார். இல்லை என்றார் கார்லா.

உடனே அவரைக் கூப்பிட்டுக் கேலி செய்ய வேண்டும் என்று லோரீன் ஃபோனை எடுத்தார். மயக்க மருந்தில் தூங்குவார், பிறகு பேசலாம் என்று கார்லா தடுத்தார். காபி இருக்கிறதா என்று தானாகவே கேட்டு உட்கார்ந்தார். மூன்று கோப்பை குடித்தார். லோரீன் பூவை மூன்று இடத்தில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு பிரெண்டின் கார் முற்றத்தில் நின்றது.

அடுத்த செவ்வாய்க்கிழமை தேவாலயத்தில் அடக்க ஆராதனை நடந்தது. சவப்பெட்டியின் தலைமாட்டில், ஓரங்கள் பழுப்பேறிய மஞ்சள் ரோஜாக்களை லோரீன் தன் கையாலேயே வைத்தார். சிகிச்சைக்குப் போகும் முன்பே தன் மனைவிக்குப் பூவுக்குச் சொல்லிவிட்டுப் போன மனிதர் இவர் என்று போதகர் பிரசங்கத்தில் சொன்னார். பல பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் வரிசையில் இருந்த ஆர்டிஸ் மெல்லத் திரும்பினார். கடைசி வரிசையில் இருந்த கார்லாவைக் கண்டுபிடிக்கும்வரை தேடினார். கார்லா தலையைக் குனிந்துகொண்டார்.

ஆராதனை முடிந்து கீழ்த்தளத்தில் சாப்பாடு. லோரீனின் மருமகள் நோட்டும் பேனாவுமாக ஒவ்வொரு மேசையாக வந்தாள். எல்லா அட்டைகளையும் சேர்த்தாயிற்று, உங்களுடையதை மட்டும் காணவில்லை, நீங்கள் அனுப்பியது எந்தப் பூ என்று ஆர்டிஸிடம் கேட்டாள்.

பக்கத்து மேசையில் லோரீன் இருந்தார். அவர் திரும்பிப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் அனுப்பலம்மா," என்றார் ஆர்டிஸ்.

நன்றிக் கடிதங்கள் நாற்பத்து மூன்று போயின. ஆர்டிஸுக்கு ஒன்றும் போகவில்லை.