ஆரின்ரை போன்?

"இது ஆரின்ரை போன்?"

நதானியேல் வயரோடு சேர்த்து அந்தப் போனை உயர்த்திக் காட்டினார். மூலையில் கண்ணாடி வெடித்த பழைய கறுப்புப் போன். கூடத்தில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவரும் வாங்கக் கை நீட்டவில்லை.

செத்த வீட்டில் சத்தம் போடக்கூடாதுதான். அதுவும் நடுக் கூடத்தில் பெட்டிக்குள் கிடப்பது சொந்த அக்கா நவமணி. ஆனால் லப்டொப்பின் பட்டறி கண்ணுக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அவரால் பொறுக்க முடியவில்லை.

புயல் போன பிறகு வட்டுக்கோட்டைப் பக்கம் இன்னும் கரண்ட் வரவில்லை. வாடகைக்கு ஒரு ஜெனரேற்றர்கூட அகப்படவில்லை. சார்ஜ் மிச்சமிருந்தது அக்காவின் மகள் ஜெயந்தினியின் லப்டொப்பில் மட்டுந்தான். அதை ஒரு ஸ்டூலில் வைத்துப் பெட்டியின் பக்கம் திருப்பிவிட்டிருந்தாள். திரையில், ரொறன்ரோவிலிருந்து அவளுடைய தம்பி அருள்நேசன். அங்கே அவனுடைய அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை. இங்கே வந்தால் திரும்பிப் போக முடியாது. பெட்டி மூடும்வரை தாயின் முகத்தைப் பார்க்க அவனுக்கிருந்த ஒரே வழி அந்தத் திரை.

"பட்டறி உங்கடை பொறுப்பு, மாமா. ஒருத்தரையும் உதிலை போன் செருக விடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு, இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள் ஜெயந்தினி. அதற்குள் பண்டத்தரிப்பிலிருந்து வந்த பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்து அழுதபடி அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள்.

நதானியேலுக்கு இந்த வேலை புதிதல்ல. சங்கக்கடை மனேச்சராக இருந்து, சண்டைக் காலத்தில் கூப்பனுக்கு மண்ணெண்ணெயைச் சொட்டுச் சிந்தாமல் அளந்து கொடுத்தவர். லப்டொப்பில் செருகியிருந்த வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, போன்களை உரியவர்களின் கையில் கொடுத்தார்.

"என்னண்ணை, கரண்டுக்கும் கூப்பன் அடிக்கப்போறியளோ?" என்று பக்கத்துக் காணிப் பஞ்சலிங்கம் தன் போனை வாங்கிக்கொண்டே முணுமுணுத்தார். சார்ஜ் ஏற்றியும் என்ன, ஒரு கோடு சிக்னல்கூட இல்லை என்று அதற்கும் ஒரு குறை சொன்னார்.

எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் ஒரு வயர் மிச்சமிருந்தது. அது ஸ்டூலில் விரித்திருந்த பூப்போட்ட துணிக்கு அடியில் போனது. இழுத்தார். அந்தக் கறுப்புப் போன் வந்தது.

பஞ்சலிங்கம் தன்னுடையது இல்லை என்றார். ஜெபப் பாட்டுப் பாட வந்தவர்களும் இல்லையென்று தலையாட்டினார்கள். வாசலில் நின்ற வாகனச் சாரதியும் கைவிரித்தார். ஒருவருக்கும் சொந்தமில்லாத போன் எப்படித் தானே வந்து துணிக்கு அடியில் படுத்துச் சார்ஜ் குடிக்கும்? நதானியேலுக்கு விளங்கவேயில்லை. வெட்கத்தில் யாரோ மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டினார்.

"கேக்கிற ஆள் வரட்டும், குடுப்பம்" என்று வயரைப் பிடுங்கி, போனைச் சேர்ட் பையில் போட்டுக்கொண்டார்.

திரையில் அருள்நேசன் மூக்கை உறிஞ்சினான். "மாமா, இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டு போங்கோ. அம்மான்ரை கன்னத்து மச்சத்தை..."

அவ்வளவுதான். பாதி திறந்த வாயோடு அவன் முகம் அப்படியே உறைந்துபோனது. நடுவில் ஒரு வட்டம் சுழலத் தொடங்கியது.

நதானியேல் பட்டறியைப் பார்த்தார். வேண்டிய மட்டும் இருந்தது. ஒரு சொட்டையும் வீணாக்காமல் காத்திருக்கிறார். பிறகென்ன? ஒரு விசையை அமத்தினார். இன்னொன்றை அமத்தினார். வட்டம் சுற்றிக்கொண்டேயிருந்தது. பஞ்சலிங்கம் எட்டிப் பார்த்து, பிழை அந்தப் பக்கந்தான் என்று தீர்ப்புச் சொன்னார்.

ஜெயந்தினியை அழைத்துவந்து பெட்டியின் தலைமாட்டில் இருத்தினார்கள். தாயின் நெற்றியில் முகத்தை வைத்துக்கொண்டவள் நிமிரவேயில்லை. போதகர் கடைசி ஜெபத்தை முடித்துவிட்டு நதானியேலைப் பார்த்தார். குழிக்குள் தண்ணீர் ஊறுகிறதாம், வெளியே மழையும் இருட்டிக்கொண்டு வந்தது. நதானியேல் கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னார். போதகரும் பொறுத்துப் பார்த்தார். திரையில் அருள்நேசனின் முகம் அசையவில்லை.

"பொடியன் பாக்க ஏலாமல் தானே நிப்பாட்டிப்போட்டான் போலை" என்றார் பஞ்சலிங்கம் மெல்ல.

அது நதானியேலுக்குச் சரியாகப் பட்டது. தகப்பனின் பெட்டியை மூடும்போதும் பின்வளவுக்கு எழும்பி ஓடியவன்தான் அருள்நேசன். பாவம், பிள்ளையை ஏன் வருத்த வேண்டும்? போதகரைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

மூடி விழுந்தது. ஆணிகளை முறுக்கினார்கள்.

அதற்குப் பிறகுதான் ஜெயந்தினி திரும்பித் திரையைப் பார்த்தாள். ஸ்டூலுக்கு ஓடிவந்து துணியை விலக்கினாள்.

"மாமா, இதுக்குள்ளை கிடந்த போன் எங்கை?"

"ஆரோ களவாய்ச் செருகின போன், பிள்ளை. நான்தான் கழட்டி வைச்சிருக்கிறன்." பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அது கறுத்துப்போய்க் கிடந்தது.

"இதிலையிருந்துதான் லப்டொப்புக்கு இன்ரநெற் வந்தது, மாமா. இந்தச் சிம்முக்கு மட்டுந்தான் இஞ்சை சிக்னல். வயரைக் கழட்டினால் கொஞ்ச நேரத்திலை செத்துப்போகும்."

"நான் எல்லாரையும் கேட்டனான், பிள்ளை. ஏன் ஒருத்தரும் தன்ரையெண்டு சொல்லேல்லை?"

ஜெயந்தினி மூடிய பெட்டியைப் பார்த்தாள்.

"அது அம்மான்ரை போன், மாமா."